417-ஆம் எண் பாக்கெட்

அனுப்புநர்
ஆய்வு எண் 417-இன் மனைவி,
தையல் கடை, பேருந்துப் பணிமனைக்கு எதிரில்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு,
மருத்துவமனை வளாகம், மூன்றாம் மாடி.

பொருள்: பதினோரு நாடுகளில் நடைபெறும் புரோபயாடிக் ஆய்வு – என் கணவருக்குப் பாக்கெட்டுகளைத் தொடர்ந்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நான் அனுப்பிய மூன்று கடிதங்கள், தாங்கள் அனுப்பிய ஒரே பதிலின் மூன்று பிரதிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பேருந்து ஓட்டுநர். தங்கள் அலுவலகம் அவரை எண்ணால் மட்டுமே குறிப்பிடுவதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக அவருக்குக் குடல் கோளாறு. எப்போது வயிற்றைக் கலக்கும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் நாற்பது பயணிகளை நடுவழியில் உட்காரவைத்துவிட்டு, பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓடினார். அதை ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். மறுநாளே அவராகக் கேட்டு, பணிமனையில் டயருக்குக் காற்றடிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

2. பிறகுதான் தங்கள் ஆய்வில் சேர்ந்தார். தினமும் காலையில் ஒரு பாக்கெட் பொடியை வெதுவெதுப்பான நீரில் கலந்து குடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு நல்ல பாக்டீரியா, மீதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்பது மருத்துவருக்கே தெரியாது என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. இருவரும் படித்துத்தான் கையெழுத்திட்டோம். மலம் எப்படிப் போனது என்று ஏழு படங்களில் ஒன்றைக் குறிக்கச் சொன்னார்கள். அவர் டிரிப் ஷீட் எழுதுவதுபோல, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் எல்லாம் போட்டு எழுதினார். "அண்ணா, டிக் போட்டா போதும்" என்று ஆய்வுச் செவிலியர் சொல்லியும் கேட்கவில்லை.

3. நான்காம் வாரம் கலக்கல் நின்றது. ஏழாம் வாரம் மறுபடி பேருந்தை எடுத்தார். கடையைக் கடக்கும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். நான் தையல் மெஷினை நிறுத்தாமலே கையைத் தூக்கிக் காட்டுவேன். பன்னிரண்டாம் வாரம் பாக்கெட் தீர்ந்தது. பத்தே நாளில் மீண்டும் காற்றடிக்கப் போய்விட்டார்.

4. மருந்துக்கடையில் நான்கு வகைப் புரோபயாடிக் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று ஒன்றும் செய்யவில்லை. நான்காவது அவரை இரண்டு நாள் படுக்கவைத்தது. "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார் கடைக்காரர். ஆய்வில் உள்ள பாக்டீரியா வகை எந்தக் கடையிலும் கிடைக்காது என்கிறார் மருத்துவர்.

5. என் கணவர் சாப்பிட்டது எது என்று கேட்டால், பதினோரு நாடுகளிலும் முடிந்த பிறகே, யாருக்கு எது என்று குறித்து மூடிவைத்த உறை பிரிக்கப்படும் என்று பதில் வருகிறது. இரண்டாம் பதிலில் தேதியைக்கூட மாற்றவில்லை. பத்து நாடுகள் முடித்துவிட்டன. பதினோராவது நாட்டில் பாக்கெட்டுகள் சுங்கத்தில் கிடக்கின்றனவாம், இன்னும் ஓர் ஆளைக்கூடச் சேர்க்கவில்லையாம். முகம் தெரியாத யாரோ சாப்பிடத் தொடங்கி, முடித்து, தன் படத்துக்கு டிக் போடும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா? எனக்குக் கோபம் வருகிறது ஐயா, மறைக்கவில்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் வண்டியை எடுக்காவிட்டால் ஓட்டுநர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதாகப் பணிமனை மேலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

6. போன வாரம் செவிலியர், "அக்கா, அது வெறும் மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அந்த எண்ணம் எனக்கும் முன்பே வந்ததுதான். கடிதத்தில் எழுதப் பயமாக இருந்தது. மூன்று நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். மாவு என்று தெரிந்தால் என் கணவர் பாக்கெட்டோடு ஸ்டீயரிங்கையும் விட்டுவிடுவார்.

7. ஆகவே, முந்தைய மூன்று கடிதங்களில் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். உறையைப் பிரிக்க வேண்டாம். 417 என்று அச்சிட்ட அதே பாக்கெட்டுகளை, உள்ளே எது இருந்தாலும், தொடர்ந்து வழங்க உத்தரவிடுங்கள். எது என்று எனக்கும் சொல்ல வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தே வயிற்றின் நிலைமையைச் சொல்லிவிடுபவள் நான். என் முகத்தைப் பார்த்து அவரும் கண்டுபிடித்துவிடுவார்.

8. தங்கள் பதிலைக் கடை முகவரிக்கே அனுப்பவும். வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிப்பார்.

இந்த முறையாவது புதிதாக எழுதிய ஒரு பதிலை எதிர்பார்த்து,

நாள்: 14.3.2024
இடம்: தையல் கடை

(ஒப்பம்)
417-இன் மனைவி