அறுபதாவது பிறந்தநாள் காணிக்கை

ஞாயிறு, விருத்தாசலம்.

அப்பாவின் நெஞ்சில் தூசியை ஏற்றியது பீங்கான் கம்பெனிதான். அறுபது வயதாகிவிட்டதென்று நேற்று அவரை வெளியே அனுப்பியதும் அதே கம்பெனிதான்.

இன்று ஆராதனையில் பிறந்தநாள்காரர்களைப் போதகர் முன்னே அழைத்தார். அப்பா எழுந்து போய் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

“எதுக்குப்பா நன்றி? வேல போனதுக்கா?”

“கம்பெனிக்காரன் அறுவதோட நிறுத்திட்டான். ஆண்டவரு நரைக்கிற வரைக்கும் சொமப்பேன்னு சொல்லியிருக்காருடா. நீ வசனம் படிச்சதில்லியா?”

“நரைக்க உனக்கு முடியே இல்லியேப்பா!”

வழுக்கையைத் தடவிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் அந்த முகத்தில் பயமே இல்லை.

நாளை கம்பெனி கேட்டில் போய், அவர் நெஞ்சில் ஏறிய தூசிக்கு நியாயம் கேட்கப்போகிறேன். ஆண்டவரே, அவரைச் சுமப்பது மட்டும் போதாது. என்னோடு வந்து அங்கே நில்லும்.