நீல அட்டைப் புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகளின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் சுகமே.

"உலகமே பார்க்க வர்ற நூலகமாமே! தங்கச்சி படிப்ப நிறுத்திட்டு உன்கூட வேலைக்கு அனுப்பட்டுமா?" என்று போனில் கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கே சுற்றிப் பார்க்க வருகிற எவரும் வாசிப்பதில்லை. வாயைப் பிளந்து கூரையைப் பார்க்கிறார்கள். நான் துடைத்த கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறார்கள். நேற்று நம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சீமாட்டி, "ஏம்மா, என் சட்டைக்குப் பொருத்தமா நீல அட்டையில ஒண்ணு எடுத்துக் குடு" என்றாள். கொடுத்தேன். திறக்கவே இல்லை. கன்னத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, "நீ படத்துல விழற, தள்ளு" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னைக் கழிவறை வேலைக்கு மாற்றிவிட்டார். கவலைப்படாதே. அங்கும் கண்ணாடி முன் நின்று படம்தான் எடுக்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

தங்கச்சியை அனுப்பாதே. பரீட்சை முடிந்ததும் அவளுடைய தமிழ்ப் பாடப்புத்தகத்தை மட்டும் அனுப்பு. இத்தனை வேற்றுமொழிப் புத்தகங்களுக்கு நடுவே எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் அடுத்த வகுப்புப் புத்தகம் வேண்டும் என்று அவளிடம் இப்போதே சொல்லிவை.

மேற்பார்வையாளர் கத்துகிறார், போகிறேன்.

உன் மூத்தவள்