உயிரோடு இருக்கிறவருக்கு

பட்டாபிராம்,
14.7.1987

அன்புள்ள அத்தானுக்கு,

வசந்தா எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் பெத்சியும் அத்தையும் சுகம். உங்கள் கடைசி இரண்டு கடிதங்களின் தலையில் இந்த ஸ்தோத்திரத்தைக் காணோம். பேனாவில் மை தீர்ந்துவிட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன்.

இதை நஜீர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து வியாழக்கிழமை பம்பாய்க்கு ரயிலேறுகிறார், அங்கிருந்து பிளேன். கூடவே எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில். மூடியை மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி சட்டையெல்லாம் எண்ணெய் என்று திட்டி எழுத வேண்டாம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய துணியோடு அவர் தம் கரையான்சாவடி வீட்டிலிருந்து வந்த அன்றே உங்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். ஒரே ரூமில் இருக்கிறவருக்குத் தெரியாததா? தயங்கித் தயங்கித்தான் சொன்னார். முன்பெல்லாம் அவர் தொழும் நேரத்தில் நீங்களும் உங்கள் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பீர்களாம். "இப்போ அண்ணாத்தே சொவுத்த பாத்து திரும்பிப் படுத்துகினு கீறாரு, அண்ணி. நான் அவருக்கும் சேத்துதான் கேட்டுகினு கீறேன்" என்றார். உங்கள் பங்கையும் அந்த மனுஷன் சுமக்கிறார். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

காரணம் எனக்குத் தெரியாதா? மாமா படுக்கையில் கிடந்தபோது நீங்கள் அங்கே பட்டினி கிடந்து ஜெபம் செய்தீர்கள். மாமா பிழைக்கவில்லை. கம்பெனி லீவும் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தாயிற்று, இனிமேல் கர்த்தரோடு எனக்குப் பேச்சு இல்லை, கல்யாண நாள் ஸ்தோத்திர காணிக்கையும் இந்த வருஷம் போட வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு மட்டும் கோபம் இல்லையா அத்தான்? மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை நான் போட்டேன். கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்து கர்த்தரோடு சண்டை போட்டேன். அதை ஜெபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

அதனால் காணிக்கை போட்டேன். சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்பது உங்களுக்குப் புதிதா என்ன?

அதில் நடந்த கூத்தைக் கேளுங்கள். நம் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் மாற்றலாகி வந்திருக்கிறார். நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள்காரர்களை முன்னால் கூப்பிட்டார். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் போய் முழங்கால் போட்டார்கள். நான் பெத்சியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். திருவிருந்து ஞாயிறு என்று வெள்ளைப் புடவை கட்டியிருந்தேன். வந்த நாளிலிருந்து என்னைத் தனியாகவே பார்க்கிற மனுஷன் என்ன நினைப்பார்? புருஷன் நினைவாகக் காணிக்கை போடுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். என் தலையில் கை வைத்து, "துணையை இழந்த இந்த விதவையைத் தாங்கும் ஆண்டவரே" என்று உருக்கமாக ஜெபிக்க ஆரம்பித்தார்.

நான் பாதி ஜெபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து அத்தை உஸ் உஸ் என்கிறார். யார் கேட்டது? ஐயா, என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், சவுதியில் தம்மாமில் வெல்டர், அவருக்கும் சேர்த்துத்தான் நான் நிற்கிறேன் என்று சொன்னேன். மைக் தேவைப்படவில்லை. போதகருக்கு வேர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, உங்கள் பெயரைக் கேட்டு, முதலிலிருந்து ஜெபித்தார். பால்ராஜ் என்று அவர் சொன்னதும் சபை மொத்தமும் ஆமென் போட்டது, ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பெத்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்துதான் அழுதேன். போதகர் மேல் வருத்தமில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஒரு நொடி எனக்கே அது நிஜம் மாதிரி இருந்தது. உங்கள் கடிதங்களில் வேலை இருக்கிறது, வெயில் இருக்கிறது, மெஸ் சாப்பாடு இருக்கிறது, நீங்கள் மட்டும் இல்லை. பயந்துபோனேன் அத்தான்.

அங்கே சர்ச் கிடையாது, கூடிப் பாட முடியாது என்று தெரிந்துதான் போனீர்கள். ஒரு கட்டில் இருக்கிறதல்லவா, அது போதும். வெள்ளிக்கிழமை நஜீர் தொழுவதற்குப் பாய் விரிக்கும்போது நீங்களும் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள். ஸ்தோத்திரம் வாயில் வரவில்லையென்றால் சண்டை போடுங்கள். மாமாவை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கேளுங்கள். நானும் இங்கே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளாக ஒண்டியாகக் கேட்கிறேன்.

பெத்சி முத்தம் தரச் சொன்னாள். அத்தை உங்களை ஆசீர்வதித்து ஊறுகாய் பாட்டிலையும் ஒரு தடவை தொட்டுக் கொடுத்தார். கர்த்தர் உங்களைக் கைவிட மாட்டார், நானும் விடுவதாக இல்லை. சபைக்கு முன்னால் எழுந்து நின்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய் சொன்னவளாக்கி விடாதீர்கள்.

இப்படிக்கு,
பால்ராஜின் மனைவி
வசந்தகுமாரி