தம்பி மேல் வைத்த குற்றம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். சில மாதத்துக்கு முன்பே உன் தம்பி மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார்கள். அவன் பராமரித்துவந்த லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் விழுந்து அந்தப் பெரியவர் இறந்துபோனதுதான் உனக்குத் தெரியுமே, அதற்கு இவன் ஒருவன்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். குற்றப்பத்திரிகை என்றதும் உன் அப்பா ஏதோ பேப்பரில் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் எங்கள் பேப்பரோடு மாடிவீட்டுக்காரர் பேப்பரையும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். அவர் வந்து கேட்டபோது அப்பா முழித்த முழியில் அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தம்பிக்கு வைத்திருக்கும் வக்கீலம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், குற்றத்துக்கு எதற்குப் பத்திரிகை என்று. பத்திரம் என்றால் இலையாம், அந்தக் காலத்தில் இலையில் எழுதினதால் எழுதிக் கொடுப்பதெல்லாம் பத்திரமும் பத்திரிகையும் ஆயிற்றாம், கல்யாணப் பத்திரிகையும் அதே சொல்தான் என்றார். இவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயமில்லையா, அந்தச் சொல்லை இப்படியா கேட்கவேண்டும் என்று இருந்தது எனக்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மெதுவாகச் சொன்னார். "குற்றச்சாட்டுன்னு சொல்றோமே, சாட்டுறதுன்னா ஒருத்தர் மேல கொண்டுபோய் வைக்கிறதும்மா. வேலையைச் சாட்டுறோம், பழியைச் சாட்டுறோம். வச்சதாலேயே அது அவரோடதாயிடாது. அதைத்தான் இனிமே விசாரிக்கப் போறாங்க."

கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். மறுக்கிறேன் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. சொன்னான், ஆனால் குரல் எழும்பவில்லை, நீதிபதி மறுபடி கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் இறந்தவருடைய மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் தடுப்பதற்குள் இவன் நேராக அவர் முன்னால் போய் நின்றுவிட்டான். அந்த அம்மா திட்டவில்லை. என்ன நடந்தது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நீயாவது சொல் என்றார். இவன் எல்லாவற்றையும் சொன்னான். பிரேக் தேய்ந்துவிட்டது, லிஃப்டை நிறுத்தவேண்டும் என்று கட்டட முதலாளியிடம் சொன்னதையும், குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், ஓடுகிறவரை ஓடட்டும் என்று அவர் சொன்னதையும், வேலை போய்விடுமே என்று பயந்து தானும் சுவிட்சை அணைக்காமல் வந்ததையும். வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். நீங்களே எதிர்த்தரப்புக்குச் சாட்சி கொடுத்துவிட்டீர்களே என்றார்.

வழியெல்லாம் நான் அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்டேன். "மறுக்கிறேன்னு சொன்னது முழுசையும் என் மேல வைக்கிறதைத்தாம்மா. என் பங்கை இல்ல" என்றான்.

அந்த அம்மா போலீசுக்குப் போய் இவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார், இவனுக்கு நல்லதையும் கெட்டதையும். அதன் பிறகுதான் கட்டடத்து வாட்ச்மேனும் அன்று முதலாளியோடு நடந்த பேச்சைக் கேட்டதாக வாய் திறந்தார். இப்போது கூடுதல் குற்றப்பத்திரிகையில் முதலாளி பெயரும் ஏறியிருக்கிறது. தம்பி பெயர் போகவில்லை. தண்டனை இருக்கத்தான் செய்யும், குறையலாம் என்கிறார் வக்கீலம்மா. அவன் இப்போது தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

நீ அவனோடு பேசும்போது தைரியமாக இரு என்று சொல்லாதே, எல்லோரும் அதையே சொல்கிறார்கள். குழந்தை செய்யும் சேட்டையைச் சொல். முதுகுவலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேத்திக்கு முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். அக்காவை வரவேண்டாம் என்று எழுதச் சொன்னான் தம்பி. நான் அப்படி எழுதமாட்டேன். தீர்ப்பு நாளன்று அந்தக் கோர்ட் வராந்தா பெஞ்சில் அவனுக்கு ஒரு பக்கம்தான் நான் உட்காரமுடியும்.

உன்
அம்மா