வெயிலில் காய்ந்த கொழிஞ்சி

மாசி, வியாழன் இரவு

இன்றும் ஆய்வகத்தில் ஊதா மாறவில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி என் இலைச்சாற்றில் இருந்தால், அந்த ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளிற வேண்டும். மூன்று குழாய்களிலும் வைத்தது வைத்தபடி நின்றது. அப்போதுதான் இலைத்தூளைச் சரியாகப் பார்த்தேன். பச்சையே இல்லை, வைக்கோல் நிறம். வெயில் பட்டிருக்கிறது. நிழலில் உலர்த்த வேண்டிய இலை அது; வெயில் பட்டால் அந்தச் சக்தி போய்விடும்.

பரவாயில்லை, வீட்டில் கட்டிலுக்கடியில் இன்னொரு கட்டு விரித்து வைத்திருக்கிறேனே என்று பஸ் ஏறினேன். பரளச்சிக் கரிசல் காட்டில் மழைக்குப் பின் நானே பறித்த கொழிஞ்சிச் செடி. இப்போது அங்கே எல்லாம் கருகிக் கிடக்கிறது. இனி அடுத்த மழைக்குத்தான் தளிர்க்கும். ஆய்வேட்டை இந்த மாதமே கொடுத்தாக வேண்டும்.

கட்டிலுக்கடியில் வெறும் பேப்பர்தான் கிடந்தது.

"நெழல்ல கெடந்தா பூசணம் பூத்துரும்டி," என்றாள் அம்மா. "போன தடவ மாதிரியே இதையும் மொட்ட மாடில போட்டு இப்பத்தான் எடுத்தேன். மூணு நாளு நல்ல வெயிலு."

அம்மா வருஷா வருஷம் மிளகாய் வத்தல் காயப்போடுகிறவள். ஒரு வத்தல்கூடப் பூத்ததில்லை.

"எப்படிக் காஞ்சிருக்கு பாரு, மொறுமொறுன்னு. இத வச்சாவது ஒனக்கு டாக்டர் பட்டம் குடுத்துருவாகல்ல?"

"குடுத்துருவாகம்மா."

துணிப்பையில் அள்ளிப்போட்டுக் கொடுத்தாள். மடியில் வாங்கிக்கொண்டேன். இலை இன்னும் சூடாக இருந்தது.