வீடியோவின் கடைசியில் ஒரு குரல்

மட்டக்களப்பு
17.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? எத்தனை தடவை எடுத்தும் நீங்கள் போனைத் தூக்கவில்லை, அதனால் இந்த மின்னஞ்சல்.

மீனவர் சங்கத்தின் பெயரில் நீங்கள் போட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. இறால் பண்ணைக் கழிவால் போன கிழமை வாவியில் செத்த மீன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் செய்தித் தளத்துக்கு அது சரிபார்க்க வந்தது. சொந்தக்காரர் விசயம் என்றால் நாங்கள் விலகிவிட வேண்டும் என்பதால் என்னோடு வேலை செய்யும் அஷ்லியிடம் கொடுத்துவிட்டேன். அவர் இணையத்தில் தேடினார், பழைய பிரதி எதுவும் இல்லை. 'உண்மை' என்று போடப் போகிறார்.

ஆனால் வீடியோவின் கடைசியில் ஒரு பெண் கத்துகிறாள்: "அண்ணா, அங்கால போகாதீங்க, சேத்துக்க கால் புதைஞ்சிரும்." அது நான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், லீவுக்கு வந்தபோது நீங்கள் எடுத்தது. அப்போது பண்ணையே இல்லை. வெயிலுக்குத் தண்ணீர் வற்றித்தான் மீன் செத்தது.

நான் என்ன செய்ய, சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
கம்சாயினி


18.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் மச்சாளுக்குக் கவலை.

இப்போதும் மீன் சாகிறது. விடியமுன் பண்ணை ஆட்கள் வள்ளத்தில் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். படமெடுக்கப் போன எங்கள் சங்கத்து றுமைஸின் போனைப் பறித்துத் தண்ணீருக்குள் எறிந்தார்கள். திங்கட்கிழமை கச்சேரியில் அரசாங்க அதிபர் முன் பண்ணை பற்றி விசாரணை. காட்டுவதற்கு எங்களிடம் வேறென்ன இருக்கிறது? நடப்பதைத்தான் காட்டினேன், நாள் மட்டும் வேறு.

அந்தக் குரல் யாருடையது என்று நம் இருவருக்கும்தான் தெரியும். விலகியவள் விலகியே இரு. எங்கள் வயிற்றில் அடிக்காதே.

அண்ணா
மதுரன்


19.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன் என்று மச்சாளிடம் சொல்லுங்கள்.

விலகச் சொன்னது தெரிந்ததை மறைப்பதற்கு இல்லை. பண்ணைக்காரரின் வக்கீல் இதைக் கண்டுபிடித்தால் பிறகு றுமைஸ் சொல்வதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கேட்காமலே என் குரலைப் பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டீர்கள்.

பதிவு போட்டவரின் பதில் வராமல் நாங்கள் எதையும் வெளியிடுவதில்லை. அஷ்லி நாளை பின்னேரம் வரை பார்த்திருப்பார். நீங்களாகவே எழுதுங்கள். றுமைஸுக்கு நடந்ததையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் சொல்வேன் அண்ணா.

கம்சாயினி


20.06.2025

சரிபார்ப்புப் பிரிவுக்கு,

ஐயா, அந்த வீடியோவை எடுத்தவன் நான். பண்ணை வருவதற்கு முன்பே எடுத்தது. போன கிழமை என்று எழுதியது பொய். றுமைஸின் போனைப் பறித்தது பற்றிய பொலிஸ் முறைப்பாட்டை இணைத்துள்ளேன். உங்கள் நிறுவனத்தில் எனக்கு உறவினர் எவரும் இல்லை.

மதுரன் அழகரத்தினம்
செயலாளர், மீனவர் சங்கம்


21.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

'தவறான தகவல்' என்று காலையில் வெளியாகிவிட்டது. றுமைஸ் சொன்னதை நேரில் விசாரிக்க அஷ்லியும் எங்கள் அலுவலகத்துச் சார்மெயினும் நாளை விடிய வள்ளத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு றுமைஸைக் காட்டிவிடுங்கள்.

உங்கள் பதிலை அலுவலகத்தில் வைத்து வாசித்து அழுதுவிட்டேன். பதிலை உள்ளபடியே போடுவதுதான் எங்கள் வழக்கம். கடைசி வரியை மட்டும் அஷ்லி என்னிடம் காட்டி, இது சரியா என்று கேட்டார். பிழை என்று சொன்னேன். எடுத்துவிட்டார்.

உங்கள் தங்கச்சி
கம்சாயினி