பாகற்காய்க் குழம்பும் ஆதி மனுசனும்

ஏங்க,

திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போன நீங்க திரும்புறதுக்குள்ள நான் கம்பத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறேன். பயப்படாதீங்க, வயித்து வலிதான். பக்கத்து வீட்டு மகாலட்சுமி அக்கா கூட வர்றாக.

நேத்து ராத்திரி பாகற்காய்க் குழம்பை மோந்து பாத்துட்டு, "கசப்புன்னா விசம்னு துப்புன ஆதி மனுசந்தேன் பொழைச்சான், நான் அவன் வம்சம்"னு தட்டைத் தள்ளி வச்சீங்க. "அப்ப நான் யாரு வம்சம்?"னு கேட்டா, "தின்னுட்டுச் செத்தவன் வம்சம்"னு சொல்றீங்க. செத்தவனுக்கு ஏதுங்க வம்சம்? அந்தக் கோவத்துலதான், விசமில்லன்னு காட்ட, சட்டியோட உக்காந்து அம்புட்டையும் நானே தின்னேன். நம்ம நாயி மோந்து பாத்துட்டு வெளிய போச்சு. அதுக்கும் கை தட்டுனீங்க.

குழம்பு மேல குத்தமில்ல. நாலு பேரு குழம்பை ஒருத்தி தின்னா வலிக்கத்தான் செய்யும். ஆதி மனுசன் செயிச்சுட்டான்னு தெருவெல்லாம் சொல்லித் திரியாதீங்க.

அடுப்படியில தயிர்சாதம் மூடி வச்சிருக்கேன். அதையாவது ஆதி மனுசன்கிட்டக் கேக்காமச் சாப்பிடுங்க.

சுப்புத்தாய்

மறந்துட்டேன்: பைக்குச் சாவி சாமி படத்துக்குக் கீழ ஆணியில தொங்குது.

இன்னொண்ணு: ஊசி போடுவாகன்னு அக்கா சொல்றாக. எனக்குப் பயமா இருக்கு. சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கலாம், நீங்க மொதல்ல வாங்க.